உணவைத் தொடும் பிளாஸ்டிக்கும் ரப்பரும்: சேர்பொருள்களைக் கட்டுக்குள் வைக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உணவு டப்பா, மூடிக்குள் ஒட்டியிருக்கும் லைனர், பால் குழாயின் இணைப்பில் உள்ள ஓ-ரிங், குழந்தைப் புட்டியின் நிப்பிள். இவற்றில் எதையாவது செய்கிற, அல்லது வாங்கிப் பயன்படுத்துகிற நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்குச் சேர்ந்தால், சீக்கிரமே ஒரு கோப்பு உங்கள் மேசைக்கு வரும். உள்ளே 'ஃபுட் கிரேடு' என்று எழுதிய ஒரு சான்றிதழ், ஒரு பக்க லேப் ரிப்போர்ட், கீழே 'பாஸ்' என்ற சொல். அதை மட்டும் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடக்கூடாது. ஏன் கூடாது, அதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை வேலை நடக்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

உணவுக்குள் என்ன போகும் என்பது பெரும்பாலும் கலவைச் சீட்டு எழுதும்போதே முடிவாகிவிடுகிறது. லேப் அதை உறுதிப்படுத்தித் தரும். ஆனால் எதைத் தேட வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் லேபும் அதைத் தேடாது. அதனால் எப்போதும் கலவையிலிருந்து தொடங்குங்கள். சோதனை கடைசியில் வரட்டும்.

எது நகர்கிறது?

பாலிமர் மூலக்கூறு மிகப் பெரியது. அது உணவுக்குள் போவதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். போவது அதோடு தங்கியிருக்கும் சின்ன மூலக்கூறுகள்: வினைபுரியாமல் மிஞ்சிய மோனோமர், குட்டைச் சங்கிலிகளான ஒலிகோமர், அப்புறம் நாமே எடை போட்டுச் சேர்த்த சேர்பொருள்கள். இந்தச் சேர்பொருள்களில் பெரும்பாலானவை பாலிமரோடு வேதிப்பிணைப்பில் இல்லை. நனைந்த பஞ்சுக்குள் தண்ணீர் நிற்பதுபோல் உள்ளே நிற்கின்றன. சூடு ஏறினாலும், எண்ணெய் பட்டாலும், தொட்டிருக்கும் நேரம் கூடினாலும் வெளியே வருகின்றன. இந்த நகர்வைத் தொழிலில் மைக்ரேஷன் என்கிறார்கள்.

சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறினாலும் கேட்கும் கேள்விகள் மூன்றுதான். இந்தப் பொருளைச் சேர்க்க அனுமதி உண்டா? அதில் எவ்வளவு உணவுக்குள் வரலாம்? எல்லாம் சேர்ந்து மொத்தம் எவ்வளவு வரலாம்? முதல் கேள்விக்கு அனுமதிப் பட்டியல், இரண்டாவதற்குத் தனிப் பொருளின் மைக்ரேஷன் வரம்பு, மூன்றாவதற்கு மொத்த மைக்ரேஷன் வரம்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1935/2004 எண் ஒழுங்குமுறை இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு பொது நிபந்தனை வைத்திருக்கிறது: உணவைத் தொடும் பொருள் மனித உடல்நலத்துக்கு ஆபத்தாகக் கூடாது, உணவின் கலவையை ஏற்கமுடியாத அளவு மாற்றக்கூடாது, அதன் சுவை, மணம் போன்றவற்றைக் கெடுக்கக்கூடாது. சுவையையும் மணத்தையும் பலர் கண்டுகொள்வதில்லை. ரப்பர் வாடை ஏறிய பானம், எண்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் இந்த நிபந்தனையில் தோற்றுவிடும்.

முதல் படி: பயன்பாட்டை எழுதுங்கள்

ஒரு தாளில் ஆறு விஷயங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த வகை உணவு: நீர்த்தன்மை உள்ளதா, புளிப்பா, ஆல்கஹால் உண்டா, கொழுப்பா, உலர்ந்ததா? அதிகபட்ச வெப்பநிலை என்ன? எவ்வளவு நேரம் தொட்டிருக்கும்? ஒருமுறைப் பயன்பாடா, திரும்பத் திரும்பவா? எவ்வளவு பரப்பு எவ்வளவு உணவைத் தொடுகிறது? சாப்பிடுபவர் கைக்குழந்தையா?

இதை எழுதாமல் 'ஃபுட் கிரேடு' என்று சொல்வதற்குப் பொருளே இல்லை. குளிர்ந்த தண்ணீருக்குச் சரியான ஒரு மூடி, சூடான எண்ணெய்க்குச் சரியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சப்ளையரின் சான்றிதழில் இந்த நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அது ஒரு விளம்பர வாசகம் மட்டுமே. எழுதப்பட்டிருந்தால் உங்கள் பயன்பாடு அதற்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். '40 டிகிரி வரை, கொழுப்பில்லா உணவு' என்று எழுதியிருக்கும் பொருளை 100 டிகிரியில் பயன்படுத்தினால், தவறு சப்ளையருடையது ஆகாது, உங்களுடையது.

இரண்டாம் படி: பிளாஸ்டிக்கின் கலவையைத் திறந்து பாருங்கள்

சாதாரண பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் மணிகளில்கூட சேர்பொருள் உண்டு. உருக்கும் சூட்டில் பாலிமர் சிதையாமல் இருக்க ஆன்டிஆக்ஸிடன்ட்; பிலிம் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்க எரூகமைடு போன்ற ஸ்லிப் பொருள்; தூசி ஒட்டாமல் இருக்க ஆன்டிஸ்டாட்; அமிலத் துணுக்குகளை அடக்கக் கால்சியம் ஸ்டியரேட்; பளிச்சென்று தெரிய கிளாரிஃபையர்; நிறத்துக்கு மாஸ்டர்பேட்ச், அதாவது நிறமி செறிவாகக் கலந்த மணிகள். பி.வி.சி. என்றால் பட்டியல் இன்னும் நீளும்: வெப்ப ஸ்டெபிலைசர், மென்மைக்குப் பிளாஸ்டிசைசர்.

பிளாஸ்டிசைசரில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அது சேர்க்கப்படும் அளவே வேறு. ஆன்டிஆக்ஸிடன்ட் பெரும்பாலும் 0.1 சதவீதம் அளவில் போகும், மென்மையான பி.வி.சி.யில் பிளாஸ்டிசைசர் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்கலாம். தொழிலில் டி.ஓ.பி. என்று அழைக்கப்படும் டை-எத்தில்ஹெக்சில் தாலேட்டுக்கு ஐரோப்பா 2011-ன் பிளாஸ்டிக் ஒழுங்குமுறையில் ஒரு கிலோ உணவுக்கு 1.5 மி.கி. என்று வரம்பு வைத்தது. 2023-ல் அதை 0.6 மி.கி. ஆகக் குறைத்தது. பிளாஸ்டிசைசராக அதைத் திரும்பப் பயன்படுத்தும் பொருள்களில், கொழுப்பில்லா உணவுக்கு மட்டுமே அனுமதிக்கிறது. கொழுப்பு உணவுக்கு மென்மையான பி.வி.சி. வருகிறதென்றால் எந்தப் பிளாஸ்டிசைசர் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கண்ணாடி ஜாடி மூடிகளின் கேஸ்கெட்டில் இடம்பெறும் எபாக்ஸி ஏற்றிய சோயா எண்ணெய்க்கும் வரம்பு உண்டு: பொதுவாக 60 மி.கி.; கைக்குழந்தை உணவு ஜாடிகளின் பி.வி.சி. கேஸ்கெட்டுக்கு 30 மி.கி.

கருப்பு நிறத்தையும் சும்மா விடாதீர்கள். கார்பன் பிளாக் ஐரோப்பியப் பட்டியலில் உண்டு. ஆனால் பாலிமரின் எடையில் 2.5 சதவீதத்துக்கு மேல் கூடாது. கார்பன் பிளாக்கில் பென்சோ(ஏ)பைரீன் ஒரு கிலோவுக்கு 0.25 மி.கி.யைத் தாண்டக்கூடாது. மற்ற நிறமிகளோ அந்த ஐரோப்பியப் பட்டியலின் எல்லைக்குள்ளேயே வருவதில்லை. அவற்றுக்கு நாட்டு விதிகளைப் பார்க்க வேண்டும். மாஸ்டர்பேட்ச் வாங்கும்போது நிறமியை மட்டும் கேட்டால் போதாது. அதைத் தாங்கி வரும் ரெசின், மெழுகு, பரப்பியாகச் சேர்த்த பொருள் எல்லாம் உங்கள் கலவைக்குள்தான் வந்து சேர்கின்றன.

சப்ளையர் முழுக் கலவையைத் தரமாட்டார், அது அவருடைய தொழில் ரகசியம். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் மூன்று தகவல்களை அவர் தந்தே ஆக வேண்டும்: மைக்ரேஷன் வரம்பு உள்ள எந்தெந்தப் பொருள்கள் உள்ளே இருக்கின்றன, அவற்றின் அதிகபட்ச அளவு என்ன, உணவுச் சேர்பொருளாகவும் அனுமதிக்கப்பட்ட பொருள் ஏதாவது உண்டா. கடைசிக் கேள்வி எதற்கென்றால், அப்படிப்பட்ட பொருள் நேரடியாக உணவிலும் சேர்க்கப்பட்டிருக்கலாம். இரண்டு வழியாகவும் வந்து கூடிவிடக்கூடாது. இவற்றைக்கூடத் தர மறுத்தால் ரகசிய ஒப்பந்தம் போடலாம், அல்லது சப்ளையர் நேராக லேபுக்கு மட்டும் கலவையைத் தெரிவிக்கச் செய்யலாம். இரண்டுக்கும் ஒத்துவராத சப்ளையரை விட்டுவிடுவது நல்லது. விலை குறைவு என்பதற்காக அவரிடம் தங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

மூன்றாம் படி: ரப்பரைத் தனியாகப் பாருங்கள்

பிளாஸ்டிக்கில் பழகிய கண்ணோடு ரப்பரைப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். பிளாஸ்டிக்கில் சேர்த்த பொருள்களில் பெரும்பகுதி சேர்த்தபடியே உள்ளே கிடக்கும். ரப்பரில் அதன் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் வல்கனைசிங் (க்யூரிங் என்றும் சொல்வார்கள்) என்னும் வேதிவினையே உற்பத்தியின் நடுப்பகுதி. அச்சில் சூடாகும்போது கந்தகமும், வினையை வேகப்படுத்தும் ஆக்ஸிலரேட்டரும், துத்தநாக ஆக்சைடும் ஒன்றோடொன்று வினைபுரிந்து, நீங்கள் எடை போடாத புதுப் பொருள்களாக மாறுகின்றன. கலவைச் சீட்டில் இருப்பது ஒன்று, வெளியே வந்த சீலில் இருப்பது வேறொன்று.

இதில் மிகக் கவனம் வேண்டிய இடம் நைட்ரோசமீன். தையூரம், டைதயோகார்பமேட் வகை ஆக்ஸிலரேட்டர்கள் உடையும்போது இரண்டாம்நிலை அமீன்களை விடுகின்றன. டி.எம்.டி.டி. என்றால் டைமெத்தில் அமீன், இசட்.டி.இ.சி. என்றால் டைஎத்தில் அமீன். இந்த அமீன்கள் காற்றிலோ கலவையிலோ உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்தால் நைட்ரோசமீன் உருவாகிறது. இவற்றில் பல புற்றுநோய் உண்டாக்குபவை. குழந்தை நிப்பிளில் இன்னொரு வழியும் உண்டு: உமிழ்நீரிலேயே நைட்ரைட் இருக்கிறது. அதனால்தான் ஐரோப்பாவின் 93/11 உத்தரவு நிப்பிளுக்கும் சூப்பானுக்கும் இரண்டு வரம்புகள் வைத்தது. ஒரு கிலோ ரப்பரிலிருந்து வெளிவரும் நைட்ரோசமீன் மொத்தம் 0.01 மி.கி.; நைட்ரோசமீனாக மாறக்கூடிய பொருள்கள் மொத்தம் 0.1 மி.கி. செயற்கை உமிழ்நீரில் 40 டிகிரியில் 24 மணி நேரம் ஊறவைத்து அளக்கிறார்கள்.

இந்த அளவைச் சோதனையால் அடக்க முடியாது, கலவையால்தான் முடியும். ஒரு வழி, இசட்.பி.இ.சி. போன்ற டைபென்சைல் வகை ஆக்ஸிலரேட்டருக்கு மாறுவது. அதிலிருந்து வரும் நைட்ரோசமீன் புற்றுநோய் உண்டாக்கும் வகையில் வைக்கப்படவில்லை. இன்னொரு வழி, கந்தகத்தையே விட்டுவிட்டு பெராக்சைடு க்யூரிங்குக்குப் போவது. ஆனால் அங்கே பெராக்சைடின் சிதைவுப் பொருள்களை வெளியேற்ற அச்சிலிருந்து எடுத்த பின்னும் அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டியிருக்கும். மூன்றாவது, சிலிகோன். சிலிகோன் வந்தால் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு; அதுவும் சரியில்லை. அதில் சின்ன சைலாக்ஸேன்கள் மிஞ்சியிருக்கும். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமான பி.எஃப்.ஆர்., சிலிகோனுக்கான தன் 15-ஆம் பரிந்துரையில், ஆவியாகும் கரிமப் பொருள்கள் 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. 200 டிகிரியில் நான்கு மணி நேரம் போஸ்ட் க்யூரிங் செய்வது இதற்காகத்தான். மின்செலவைக் குறைக்க அந்த நேரத்தை வெட்டும் ஆலைகளில் முதலில் அடிவாங்குவது இந்த எண்தான்.

எம்.பி.டி. என்னும் மெர்காப்டோபென்சோதயசோலை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2ஏ குழுவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றில் வைத்திருக்கிறது. ரப்பரில் அதைத் தனியாகச் சேர்க்காவிட்டாலும் தயசோல் வகை ஆக்ஸிலரேட்டர்கள் உடைந்து அது வரும். ரப்பர் கலவையில் சேர்க்கும் பதப்படுத்தும் எண்ணெயில் பல்வளைய அரோமாடிக்குகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். அப்புறம், மிக்ஸிங் மில்லையும் போய்ப் பாருங்கள். டயர் கலவையும் சீல் கலவையும் ஒரே மில்லில் ஓடினால், டயருக்குப் போட்ட ஃபீனைலின்டையமீன் வகைப் பாதுகாப்புப் பொருள் உணவு சீலுக்குள் வரத்தான் செய்யும். எந்தக் கலவைச் சீட்டிலும் அது இருக்காது.

நான்காம் படி: எந்தச் சட்டம் பொருந்தும்?

பொருள் எங்கே விற்கப்படுகிறதோ அந்த இடத்துச் சட்டம். எங்கே செய்யப்பட்டது என்பது இரண்டாம்பட்சம்.

ஐரோப்பாவில் பிளாஸ்டிக்குக்கு 10/2011 என்ற ஒழுங்குமுறை இருக்கிறது. மோனோமருக்கும் சேர்பொருளுக்கும் ஒரே அனுமதிப் பட்டியல்; பட்டியலில் இல்லாத சேர்பொருளைச் சேர்க்கக்கூடாது. மொத்த மைக்ரேஷன் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 10 மி.கி. ஆனால் ரப்பரும் சிலிகோனும் இந்த ஒழுங்குமுறைக்குள் வருவதில்லை. அவற்றுக்குப் பொது நிபந்தனையோடு நாட்டுக்கு நாடு தனி விதிகள்: ஜெர்மனியில் பி.எஃப்.ஆர். அமைப்பின் 21-ஆம் பரிந்துரை, பிரான்சில் 2020-ல் வந்த ஆணை, இத்தாலியில் 1973-ன் ஆணை. தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமர் தொட்டால் ரப்பர் மாதிரி இருக்கும், சட்டத்தின் கண்ணில் அது பிளாஸ்டிக். புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது.

அமெரிக்காவில் உணவுச் சேர்பொருள்களுக்கான 1958-ன் சட்டத் திருத்தத்திலிருந்து வரும் பாதை வேறு. 21 சி.எஃப்.ஆர். என்னும் மத்திய விதிமுறைத் தொகுப்பில் 174 முதல் 178 வரையிலான பகுதிகளில் பாலிமர் வாரியாகவும் சேர்பொருள் வாரியாகவும் அனுமதிகள் இருக்கின்றன, ஆன்டிஆக்ஸிடன்டுகளுக்கு 178.2010, திரும்பப் பயன்படுத்தும் ரப்பருக்கு 177.2600. புதுப் பொருளுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.விடம் அறிவிப்பு கொடுக்க வேண்டும். 120 நாளில் மறுப்பு வராவிட்டால் அது செல்லும். ஒன்றை மறக்காதீர்கள்: அந்த அறிவிப்பு அதில் பெயர் குறித்த உற்பத்தியாளருக்கும் அவரிடம் வாங்குபவருக்கும் மட்டுமே பயன்படும். அதே மூலக்கூறை வேறொரு ஆலையிலிருந்து வாங்கிவிட்டு அந்த எண்ணைக் காட்ட முடியாது.

இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு, தர ஆணையத்தின் 2018-ன் பேக்கேஜிங் விதிமுறை 2019 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மொத்த மைக்ரேஷன் கிலோவுக்கு 60 மி.கி. அல்லது சதுர டெசிமீட்டருக்கு 10 மி.கி.; சோதனை முறைக்கு ஐ.எஸ். 9845 என்ற இந்தியத் தரநிலை, நிறமிகளுக்கு ஐ.எஸ். 9833. சீனாவில் சேர்பொருள்களுக்கென்றே ஜி.பி. 9685 என்ற தரநிலை. அது ரப்பரையும் சேர்த்துக்கொள்கிறது. ஜப்பானில் 2020 ஜூன் 1 முதல் செயற்கை ரெசின்களுக்கு அனுமதிப் பட்டியல். ஐந்தாண்டு மாற்றக்காலம் 2025 மே மாதம் முடிந்தது. ரப்பர் அந்தப் பட்டியலுக்கு வெளியே.

ஒரே பொருள் ஒரு சந்தையில் தேறி இன்னொன்றில் தோற்பது சகஜம். துத்தநாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் 2018 விதிமுறை அதற்குக் கிலோவுக்கு 25 மி.கி. என்றது, ஐரோப்பா முன்பு 25 வைத்திருந்து, 2016-ல் 5 ஆகக் குறைத்துவிட்டது. துத்தநாக ஸ்டியரேட் சேர்த்த கலவைக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

ஐந்தாம் படி: லேபுக்கு அனுப்பும் முன் கணக்குப் போடுங்கள்

சேர்த்தது எல்லாமே உணவுக்குள் போய்விட்டால் என்ன ஆகும்? இந்தக் கணக்கு ஐந்து நிமிட வேலை, நிறையச் சோதனைச் செலவைத் தவிர்க்கும்.

ஐரோப்பிய வழக்கப்படி ஒரு கிலோ உணவை 6 சதுர டெசிமீட்டர் பரப்பு தொடுகிறது என்று வையுங்கள். 50 மைக்ரான் தடிமன் உள்ள பாலிஎத்திலீன் பிலிம், அடர்த்தி 0.92. ஒரு சதுர டெசிமீட்டரில் 0.5 கன செ.மீ. பிளாஸ்டிக், எடை 0.46 கிராம், ஆறு சதுர டெசிமீட்டருக்கு 2.76 கிராம். அதில் 0.1 சதவீதம் இர்கனாக்ஸ் 1076 என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் இருந்தால் 2.76 மி.கி. இதன் ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 6 மி.கி. முழுவதும் வெளியே வந்தாலும் வரம்பைத் தொடாது. இந்த ஒரு பொருளுக்கு மைக்ரேஷன் சோதனையே வேண்டாம், கணக்கை எழுதிக் கோப்பில் வைத்தால் போதும்.

அதே கலவையில் 1 மி.மீ. தடிமனுக்கு ஒரு டப்பா செய்தால் எடை இருபது மடங்கு, அதாவது 55 கிராம். ஆன்டிஆக்ஸிடன்ட் 55 மி.கி. இப்போது கணக்கு காப்பாற்றாது. அடுத்து, பரவல் வேகத்தை வைத்துக் கணிக்கும் மாதிரிகள் இருக்கின்றன; பிளாஸ்டிக்குக்கு ஐரோப்பிய ஒழுங்குமுறையே அவற்றை ஏற்கிறது, உண்மையைவிட அதிகமாகவே கணிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதிலும் வரம்பு தாண்டினால் அப்போது லேப். ரப்பருக்கு இந்த மாதிரிகளை நம்பாதீர்கள். சிறு மூலக்கூறுகள் ரப்பரில் மிக வேகமாக நகர்கின்றன, எண்ணெய் பட்டால் ரப்பரே ஊதுகிறது.

ஆறாம் படி: சோதனை

உண்மையான உணவில் அளப்பது கடினம் என்பதால் உணவுக்குப் பதிலாகச் சிமுலன்ட் வைக்கிறார்கள். ஐரோப்பிய முறையில் நீர்த்தன்மை உள்ளவற்றுக்கு 10 சதவீத எத்தனால், புளிப்புக்கு 3 சதவீத அசிட்டிக் அமிலம், ஆல்கஹால் உள்ளவற்றுக்கு 20 சதவீத எத்தனால், பால் போன்றவற்றுக்கு 50 சதவீத எத்தனால், கொழுப்புக்குத் தாவர எண்ணெய், உலர்ந்ததற்கு ஒரு நுண்துளைப் பொடி. முதல் படியில் எழுதிய தாளிலிருந்து இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அறை வெப்பநிலையிலும் அதற்குக் கீழும் எவ்வளவு காலம் வைத்தாலும் அதற்குரிய மொத்த மைக்ரேஷன் சோதனை 40 டிகிரியில் 10 நாள். தனிப் பொருள்களுக்கு, ஆறு மாதத்துக்கு மேல் இருப்பு என்றால் 60 டிகிரியில் 10 நாள். லேபிடம் 'ஃபுட் கிரேடு டெஸ்ட் பண்ணுங்கள்' என்று மட்டும் சொன்னால், மிகச் சுலபமான நிபந்தனையில் செய்து தருவார்கள். அது அவர்கள் குற்றமில்லை.

திரும்பப் பயன்படுத்தும் பொருளை ஒரே மாதிரித் துண்டை வைத்து அடுத்தடுத்து மூன்று முறை சோதிக்க வேண்டும். மூன்றாம் முறை அளவு வரம்புக்குள் இருக்க வேண்டும், முறைக்கு முறை அளவு ஏறவும் கூடாது. ஏறினால் பொருள் உள்ளே சிதைகிறது என்று அர்த்தம். அமெரிக்க ரப்பர் விதி இதை வேறு விதமாகச் செய்கிறது: கொதிக்கும் காய்ச்சி வடித்த நீரில் முதல் 7 மணி நேரத்தில் ஒரு சதுர அங்குலத்துக்கு 20 மி.கி., அடுத்த 2 மணி நேரத்தில் 1 மி.கி. மட்டுமே வரலாம். கொழுப்பு உணவுக்கான ரப்பர் என்றால் ஹெக்சேனில் 175 மி.கி.யும் 4 மி.கி.யும். முதலில் கொஞ்சம் வரட்டும், பிறகு நின்றுவிட வேண்டும் என்பது அதன் தர்க்கம். புதிய சீலைப் பொருத்தும் முன் நன்றாகக் கொதிக்கவைத்துக் கழுவச் சொல்வதற்கும் இதே காரணம்தான்.

இப்போது அந்த 'பாஸ்' சான்றிதழுக்கு வருவோம். பத்தில் ஒன்பது முறை அதில் இருப்பது மொத்த மைக்ரேஷன் சோதனை மட்டும்தான். சதுர டெசிமீட்டருக்கு 10 மி.கி. என்பது கிலோ உணவுக்கு 60 மி.கி. கரைந்து வந்ததை ஆவியாக்கி மிஞ்சியதை எடைபோடுவார்கள். ஆவியாகிப் போகும் பொருள்கள் தராசுக்கே வருவதில்லை. பொருள் பொதுவாக எவ்வளவு கரையாமல் நிற்கிறது என்பதை அந்த எண் சொல்லும். அதில் நச்சு உண்டா என்பதைச் சொல்லாது. நைட்ரோசமீன் வரம்பு 0.01 மி.கி. மட்டத்தில் இருக்கிறது, இந்தத் தராசில் அது தெரியவே தெரியாது. ஒரு ரப்பர் நிப்பிள் மொத்த மைக்ரேஷனில் அழகாகத் தேறி, நைட்ரோசமீனில் பல மடங்கு தாண்டி நிற்க முடியும். மொத்த மைக்ரேஷன் ரிப்போர்ட்டை மட்டும் காட்டி ஒருவர் 'பாதுகாப்பானது' என்று சொன்னால், அவரிடம் தனிப் பொருள்களின் முடிவுகளைக் கேளுங்கள்.

ஏழாம் படி: நீங்கள் சேர்க்காமல் வந்தவை

2003-ல் ஜாடி மூடிகளின் நுரை கேஸ்கெட்டிலிருந்து செமிகார்பசைடு என்ற பொருள் உணவுக்குள் வருவது தெரிந்தது. குழந்தை உணவு ஜாடிகளும் அதில் அடக்கம். யாரும் அதைச் சேர்க்கவில்லை. நுரை உண்டாக்கச் சேர்த்த அசோடைகார்பனமைடு சூட்டில் உடைந்து அது பிறந்திருந்தது. அசோடைகார்பனமைடு அப்போது அனுமதிக்கப்பட்ட பொருள்தான். 2005 ஆகஸ்டிலிருந்து ஐரோப்பா அதை இந்தப் பயன்பாட்டிலிருந்து நீக்கியது. அதே 2005-ல் இத்தாலியில் குழந்தைப் பால் அட்டைப்பெட்டிகளில் ஐ.டி.எக்ஸ். என்ற அச்சுமைப் பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. மை வெளிப்பக்கத்தில் இருந்தது, பெட்டித் தாள் சுருளாகச் சுற்றப்பட்டிருந்தபோது உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டது.

ஒவ்வொரு சேர்பொருளுக்கும் 'இது சூட்டில் என்னவாக உடையும், எதோடு வினைபுரியும், இதில் என்ன மாசு இருக்கும்' என்று எழுதிப் பாருங்கள். பாஸ்பைட் ஆன்டிஆக்ஸிடன்டிலிருந்து டை-டெர்ட்-பியூட்டைல்பீனால், சில நிறமிகளிலிருந்தும் பாலியூரித்தேன் பசைகளிலிருந்தும் அரோமாடிக் அமீன். சந்தேகம் வருபவற்றைப் பெயர் சொல்லி லேபில் தேடச் சொல்ல வேண்டும். பொருள்களைப் பிரித்துக் காட்டும் லேப் வரைபடமான குரோமட்டோகிராமில் முன்பின் தெரியாத ஒரு சிகரம் வந்தால், அதன் அமைப்பை வைத்து எவ்வளவு வரை கவலையில்லை என்று மதிப்பிட வழிமுறைகள் உண்டு. மரபணுவைத் தாக்கும் அமைப்பு என்று சந்தேகம் இருந்தால் வரம்பு, உடல் எடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.0025 மைக்ரோகிராம். இந்த மதிப்பீட்டை நச்சியல் படித்தவரிடம் விடுங்கள். நீங்களாக ஊகிக்க வேண்டாம்.

எட்டாம் படி: காகிதமும் மாற்றங்களும்

ஐரோப்பாவில் பிளாஸ்டிக் பொருளுக்கு இணக்க அறிக்கை கட்டாயம். அதில் பொருளின் அடையாளம், தேதி, எந்தச் சட்டத்தின்படி, வரம்புள்ள பொருள்களின் தகவல், பயன்பாட்டு நிபந்தனைகள் எல்லாம் இருக்க வேண்டும். அதன் பின்னால் கணக்கு, சோதனை, மதிப்பீடு ஆகியவற்றின் துணை ஆவணங்கள் இருக்க வேண்டும். அதிகாரிகள் கேட்டால் காட்ட வேண்டும். ரப்பருக்கு அதே கட்டாயம் எல்லா இடத்திலும் இல்லை என்றாலும் அதே வடிவில் எழுதி வாங்குங்கள்.

சட்டம் அசையாமல் நிற்காது. சில பிளாஸ்டிக்குகளையும் பூச்சுகளையும் செய்யப் பயன்படும் பிஸ்பினால் ஏ-க்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் உடல் எடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராம் தாங்கலாம் என்றது. 2023-ல் அதை 0.2 நானோகிராமாக இறக்கியது: இருபதாயிரம் மடங்கு குறைவு. அதன் தொடர்ச்சியாக வந்த 2024/3190 எண் ஒழுங்குமுறை, உணவைத் தொடும் பொருள்களில் அதைத் தடை செய்கிறது. பிளாஸ்டிக்கோடு ரப்பர், சிலிகோன், பூச்சு, பசை, மை எல்லாம் அதில் அடக்கம். பிலிம் உற்பத்தியில் வழுக்கலுக்குச் சேர்க்கப்படும் ஃபுளோரின் சேர்பொருள்களைப் பாதிக்கும் பி.எஃப்.ஏ.எஸ். (ஃபுளோரின் ஏற்றிய கரிமப் பொருள்களின் குடும்பம்) வரம்புகள், உணவு பேக்கேஜிங்குக்கு ஐரோப்பாவில் 2026 ஆகஸ்ட் 12 முதல் பொருந்துகின்றன. அமெரிக்காவில் 2022-ல் எஃப்.டி.ஏ. 25 பிளாஸ்டிசைசர்களைத் தன் அனுமதிகளிலிருந்து நீக்கியது. தொழில்துறை அவற்றைப் பயன்படுத்துவதைக் கைவிட்டுவிட்டது என்பது காரணம். பழைய சான்றிதழில் தேதியைப் பாருங்கள். அந்தத் தேதிக்குப் பின் வந்த திருத்தங்களில் உங்கள் கலவைப் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை. கொள்முதல் பிரிவோடு எழுத்தில் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: ரெசின் கிரேடு, மாஸ்டர்பேட்ச், ஆக்ஸிலரேட்டர், அச்சுக்குத் தெளிக்கும் ரிலீஸ் பொருள், க்யூரிங் நேரம், வெப்பநிலை, சப்ளையரின் ஆலை ஆகியவற்றில் எது மாறினாலும் உற்பத்திக்குப் போகும் முன் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். சப்ளையர் ஒப்பந்தத்திலும் இதே வாசகத்தைச் சேருங்கள். தெரிவித்ததும் இரண்டாம் படிக்கோ, ரப்பர் என்றால் மூன்றாம் படிக்கோ போய் அந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் மறுபடி வேலை செய்யுங்கள். ஒவ்வொரு பேட்சிலிருந்தும் சில மாதிரிகளை அலுமினியத் தாளில் சுற்றி, வெளிச்சமும் சூடும் படாத இடத்தில், பேட்ச் எண்ணோடு எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், பையின் ஸ்லிப் பொருள் மாதிரிக்குள் போய்விடும்.